மூடிய பெட்டியா, பட்டாவா, திறந்த ட்ரெயிலரா? திருகோணமலைத் தோட்ட ஒப்பந்தக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு

வாகனத்தின் பின்னால் இழுத்துப் போகும் மூடிய வேலைப் பெட்டி செய்யப் போகிறவர் வெல்டிங் கடையில் முதலில் பேசுவது நீள அகலம். எட்டடியா, பத்தடியா, பன்னிரண்டடியா என்று. அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பெட்டிக்குள் எதை ஏற்றவே கூடாது? மண், வெட்டிய புல், கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுபோக நினைப்பவருக்குக் கீழே வரும் எந்தத் தெரிவும் சரிவராது. ஒன்றில் அச்சு வளையும், அல்லது அடித்தளம் உக்கும்.

மண்ணின் கணக்கைப் பாருங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஈர மண் ஒரு கியூப் நாலரைத் தொன்னுக்குக் குறையாது. பத்தடிக்கு ஐந்தடி பெட்டியில் ஒரேயொரு அடி உயரத்துக்கு மண் போட்டால் அரைக் கியூப், அதாவது இரண்டு தொன்னுக்கு மேல். பார்வைக்குப் பெட்டியின் அடியில் கொஞ்சம் மண் கிடப்பது போலத்தான் தெரியும். இழுக்கும் டபுள் கப்பின் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) பின்பக்கம் அமுங்கி முன் சில்லு லேசாகும்போதுதான் எடை விளங்கும். வெட்டிய பச்சைப் புல் வேறு விதமான வில்லங்கம். மூடிய இடத்தில் ஓர் இரவு கிடந்தால் சூடேறிப் புளித்து நீர் விடும். அந்த நீர் இரும்புக்கு ஆகாது. தென்னோலை, பனையோலை நாலைந்து மீற்றர் நீளம். எப்படியும் உள்ளே போகாது. ஆகவே மண்ணையும் கழிவையும் கூலி உழவு இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். அதன் பெட்டி ஏறத்தாழ ஒரு கியூப் கொள்ளும், தானாகக் கவிழ்த்துக் கொட்டும், திருகோணமலையில் எந்த ஊரிலும் கிடைக்கும். மாதத்தில் சில நாட்கள் மட்டும் தேவைப்படுகிற வேலைக்கு ஒரு வாகனத்தையே அந்த அளவுக்குப் பெரிதாக்குவது வீண் செலவு.

மிஞ்சுவது கருவிகள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் வளவுகளையும் நகரத்தில் சில அலுவலகத் தோட்டங்களையும் நாலைந்து வேலையாட்களோடு பார்க்கும் ஒருவருக்கு அவற்றின் எடை இப்படி வரும். தள்ளிக்கொண்டு போகும் புல்லு மெசின் இரண்டு, 70 கிலோ. தோளில் மாட்டும் புல் வெட்டி மூன்று, 24. செயின் சோ இரண்டு, 14. இரண்டங்குல நீர் பம்பி 25, குழாய்ச் சுருள் 25. சிறிய ஜெனரேட்டர் 45. தள்ளுவண்டி இரண்டு, 30. மண்வெட்டி, அலவாங்கு, பிக்காசு, வாருகோல், கத்தி எல்லாம் சேர்த்து 60. எரிபொருள் கலன்களோடு 35. ஏணி 15, வேலி கத்தரிக்கும் மெசின் 12, மருந்தடிக்கும் முதுகுத் தாங்கி வெறுமையாக 10. கூட்டினால் 365 கிலோ. ஒரு பசளை மூட்டையும் சில பூங்கன்றுச் சாடிகளும் சேர்ந்தால் 450ஐத் தொடும். இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் பேச வேண்டும்.

750 கிலோ என்ற கோடு

பெரும்பாலான டபுள் கப்களின் கைநூலில் இழுவைக்கு இரண்டு எண்கள் இருக்கும். பிரேக் உள்ள பெட்டிக்கு ஒன்று, பிரேக் இல்லாத பெட்டிக்கு ஒன்று. இரண்டாவது அனேகமாக 750 கிலோதான். இது சுமையின் எடையல்ல. பெட்டியும் சுமையும் சேர்ந்த எடை.

பத்தடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி உயரம் உள்ள பெட்டியின் நான்கு பக்கமும் கூரையும் சேர்த்து 230 சதுர அடி, ஏறத்தாழ 21 சதுர மீற்றர். 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு அடித்தால் தகடு மட்டும் 200 கிலோ. அதே தடிப்பில் அலுமினியம் என்றால் 70 கிலோ. தரைக்கு 3 மில்லிமீற்றர் செக்கர் பிளேட் போட்டால் 115 கிலோவளவில் வரும்; 18 மில்லிமீற்றர் மரைன் ப்ளைவுட் 55 கிலோதான். தகடு, தரை என்ற இந்த இரண்டு தெரிவுகளிலேயே 190 கிலோ வித்தியாசம் விழுகிறது. அலுமினியமும் ப்ளைவுட்டும் போட்டுக் கவனமாகச் செய்த பெட்டி வெறுமையாக 500 கிலோவளவில் நிற்கும். எல்லாவற்றையும் இரும்பில் அடித்தால் 700ஐ நெருங்கும். அதற்குள் 50 கிலோ கருவி வைத்தாலே கோட்டைத் தொட்டுவிடுகிறீர்கள்.

இலேசான பெட்டிக்கும் 450 கிலோ சுமையேற்றினால் 950. ஆகவே மூடிய பெட்டி என்று முடிவெடுத்தால் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது. அதில் பேரம் இல்லை. வெல்டிங் கடைகளில் "சின்னப் பெட்டிக்குப் பிரேக் எதுக்கு அண்ணை" என்று சொல்வார்கள். மடத்தடிச் சந்தியில் முன்னால் போகும் ஆட்டோ திடீரென்று நின்றால் அந்த ஒரு தொன் உங்களைத் தள்ளிக்கொண்டுதான் போகும்.

நமக்குப் பொருந்துவது தள்ளுவிசைப் பிரேக். இழுக்கும் வாகனம் வேகம் குறைக்கும்போது பெட்டி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் கொக்கித் தண்டை அமுக்கி, கேபிள் வழியாக இரு சில்லுகளின் டிரம் பிரேக்கையும் பிடிக்க வைக்கும். மின்சாரம் தேவையில்லை. வெளிநாட்டுப் பெட்டிகளில் உள்ள மின்காந்தப் பிரேக்குக்கு வாகனத்துக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், உப்புக்காற்றில் அதன் வயர் முனைகளே முதலில் போகும். தள்ளுவிசைப் பிரேக்கின் ஒரு குணத்தை மட்டும் சாரதி அறிந்திருக்க வேண்டும்: பின்னுக்கு எடுக்கும்போதும் கொக்கி அமுங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். பின்னோக்கும்போது தானாக விடுபடும் ஹப் இருந்தால் நல்லது. இல்லையேல் கொக்கித் தண்டைப் பூட்டி வைக்க ஓர் ஊசி போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் அதைக் கழற்றுவதைப் பழக்கமாக்குங்கள். கழற்ற மறந்தால் திரும்பும் வழி முழுதும் பிரேக் இல்லாமல் ஓடுவீர்கள்.

பட்டா எங்கே வெல்கிறது

இழுக்கும் வாகனம் இன்னும் கையில் இல்லாதவர் இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை. மூடிய உடல் அடித்த ஒரு பட்டாவை, அதாவது சிறிய லொறியை, வாங்கலாம். டாட்டா ஏஸ் வகைக்கு 750 கிலோ சுமைத் திறன். அதில் மூடிய உடலே 150 முதல் 200 கிலோவைத் தின்றாலும் மிச்சம் 550. நமது 450 கிலோ அதற்குள் அடங்கும். தளம் ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. தோளில் மாட்டும் புல் வெட்டி ஆறடியளவில் இருப்பதால் நீளவாட்டில் படுக்கும். ஏணி கூரைக்கு மேல் போகும். ஹோட்டல்களின் பின்வாசல் ஒழுங்கைகளில் திரும்ப இதைவிட வசதி வேறில்லை. பெட்டியைப் பின்னுக்கு எடுக்கப் பழகத் தேவையில்லை, கொக்கி, சங்கிலி, இரண்டாவது வாகன வரி எதுவும் இல்லை.

ஆனால் முன்னால் சாரதியும் ஒருவரும்தான் இருக்கலாம். மற்ற மூன்று பேர்? பின்னால் மெசின்களோடு கதவடைத்து ஏற்றுவது சட்டத்துக்கும் அடுக்காது, உயிருக்கும் அடுக்காது. பெற்றோல் வாடையும் வெக்கையும் நிறைந்த இடம் அது. மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லலாம். உப்புவெளி வரை சரி. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே தினமும் ஒரு தலையிடி. ஆட்களோடு போவது ஐந்து பேர் என்றால் டபுள் கப்பின் கணக்கு வேறு, இரண்டு பேர் என்றால் வேறு. இதை முதலில் எண்ணுங்கள்.

உடலை எவ்வளவு உயரம் அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். உள்ளே நின்று வேலை செய்யலாம் என்று ஆறடிக்கு உயர்த்தினால், ஒடுக்கமான சில்லுத் தடமுள்ள பட்டா கச்சான் காற்றில் ஆடும். ஆனி, ஆடி மாதங்களில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அது நன்றாகத் தெரியும். தளத்திலிருந்து ஐந்தடி போதும். திறந்த உடலோடு வாங்கிய வாகனத்துக்கு மூடிய உடல் அடித்தால் அந்த மாற்றம் பதிவுப் புத்தகத்திலும் ஏற வேண்டும். வீதியில் மறிக்கும்போது பார்க்கப்படுவது அதுதான்.

இன்னொரு விதத்தில் பட்டா தோற்கும். எஞ்சின் கராஜில் நின்றால் கருவிகளும் அதோடு நிற்கும். பெட்டியென்றால் வேறு வாகனத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். காலையில் ஹோட்டல் வளவில் கழற்றிவிட்டு, டபுள் கப்பில் நாற்று வாங்கவோ கேள்விப்பத்திரம் கொடுக்கவோ போய் வரலாம். டபுள் கப் ஏற்கெனவே வைத்திருப்பவர் மூடிய பெட்டியை நாடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை அறிந்தவர்கள், இரண்டாவது எஞ்சின் வாங்குவதைவிட இரண்டு சில்லும் ஓர் அச்சும் வாங்குவது எவ்வளவு மலிவு என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

திறந்த பெட்டியும் மற்றவையும்

திறந்த ட்ரெயிலருக்கு மேல் தறப்பாள் கட்டுவது பலரின் முதல் யோசனை. எடை 250, 300 கிலோவோடு முடியும். பிரேக் இல்லாமலே 400 கிலோவுக்கு மேல் ஏற்றலாம். மண், கல், ஓலை எதையும் கொஞ்சம் ஏற்றலாம், காற்றுப் பிடிக்காது, எரிபொருள் வாடை தங்காது. ஏறி இருந்து ஓட்டும் புல்லு மெசின் வைத்திருப்பவருக்கு இதுவே சரி. 200 கிலோவுக்குக் கிட்டவுள்ள அந்த மெசினை மூடிய பெட்டிக்குள் ஏற்றிக் கட்டுவதைவிடத் திறந்த தளத்தில் கட்டுவது சுகம்.

பிரச்சினை களவும் மாரியும். தினமும் மாலையில் ஒவ்வொரு கருவியாக இறக்கி வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டி, காலையில் மறுபடி ஏற்றுவதற்கு இரண்டு பேருக்கு அரை மணி நேரம் போகும். ஐப்பசி முதல் தை வரை வாடை மழையில் தறப்பாள் கட்டி அவிழ்க்கும் நேரம் தனி. கோட்டைப் பக்கம் திறந்த பெட்டியில் பூங்கன்றை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் மான்கள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதையும் சொல்லி வைக்கலாம். நடுவழியொன்று உண்டு: திறந்த பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டடி ஆழமுள்ள பூட்டக்கூடிய கருவிப் பேழை ஒன்றைக் குறுக்கே அடிப்பது. செயின் சோ, பம்பி, புல் வெட்டித் தலைகள் அதற்குள் போகும். மெசின்கள் வெளியே சங்கிலியில் நிற்கும். இரண்டே வேலையாட்களோடு தொடங்குபவருக்கு இது போதும்.

லாண்ட்மாஸ்டர் பெட்டி மண்ணுக்கும் கல்லுக்கும் நல்லது. கருவிக்கு அல்ல. அதன் வேகத்தில் நகரத்திலிருந்து நிலாவெளி போய்ச் சேர ஒரு மணி நேரமாகும், ஆட்டத்தில் மெசின்களின் நட்டுகள் கழரும். பத்தரை அடி லொறியை எடுத்தால் மொத்த எடை 3500 கிலோவைத் தாண்டும் மாதிரிகளுக்கு B வகை அனுமதிப்பத்திரம் போதாது. நமது அளவு வேலைக்கு அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் தெரிவுகள்

இணையத்தில் தேடினால் வருபவை அமெரிக்கப் பெட்டிகள். ஏழடிக்குப் பதினான்கு, பதினாறு அடி, இரட்டை அச்சு, கூர்மூக்கு, முழுப் பின்கதவும் சாய்தளமாக விழும் அமைப்பு. அங்கே நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஏறி ஓட்டும் மெசின்களை உள்ளே ஓட்டியேற்றுகிறார்கள். அதற்காகவே அந்த அளவும் ஒவ்வொன்றும் 3500 இறாத்தல் தாங்கும் இரண்டு அச்சுகளும். தள்ளும் மெசின் வைத்திருப்பவர் அந்தப் படத்தை வெல்டிங் கடையில் காட்டினால் தேவையில்லாத ஒரு தொன் இரும்பை இழுத்துத் திரிய வேண்டியதுதான். அந்தப் படங்களில் இன்னுமொரு பொறி உண்டு. பக்கக் கதவு வலப்பக்கம் இருக்கும், ஏனென்றால் அங்கே வாகனம் வீதியின் வலப்பக்கம் ஓடும். அப்படியே பார்த்து அடித்தால் நமது வேலையாள் கதவைத் திறந்து நிலாவெளி வீதியின் நடுவிலேதான் இறங்குவார். கதவு இடப்பக்கம், முன்மூலையில், இரண்டரை அடி அகலத்தில் வேண்டும்.

ஒற்றை அச்சு போதும். இரட்டை அச்சில் ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்கலாம் என்பது உண்மை. ஆனால் கடற்கரை மணலில் திருப்பும்போது நாலு சில்லும் பக்கவாட்டில் உரசி மணலைத் தோண்டும். பெட்டியைக் கழற்றிவிட்டால் கையால் தள்ளித் திருப்பவும் முடியாது. ஒற்றை அச்சுப் பெட்டியை மூன்று பேர் தள்ளி மூலையில் நிறுத்தலாம். அச்சின் சில்லுக்கு, உங்கள் டபுள் கப்பின் ஆறு போல்ட் அமைப்பே வரும்படி ஹப் எடுங்கள். மேலதிகச் சில்லு ஒன்றே இரண்டுக்கும் உதவும். டயர் வான்களுக்குப் போடும் 195R15 எட்டு ப்ளை. காரின் டயர் வேண்டாம், பக்கச்சுவர் தாங்காது. அதிகம் ஓடாத பெட்டியின் டயர் தேய்ந்து பழுதாவதைவிட வெயிலில் வெடித்துப் பழுதாவதே அதிகம். பூப்பக்கம் புதிதாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் பட்டை ஸ்பிரிங்காகவே இருக்கட்டும். இறப்பர் உள்ள டோர்ஷன் அச்சு ஓட்டத்துக்கு மெதுவானது, தரையும் தாழும். ஆனால் குழாய்க்குள் கறள் ஏறினால் முழு அச்சையும் மாற்ற வேண்டும், அது இங்கே கடையில் கிடைக்காது. பட்டை ஸ்பிரிங்கின் பின், புஷ், யூ போல்ட் எல்லாம் எந்த லொறிப் பாகக் கடையிலும் உண்டு.

பின்கதவைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. முழுக் கதவையும் சாய்தளமாக விழ விடுவது ஏற்றி இறக்க இலகு. தரையிலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரமான பெட்டிக்கு ஆறடிக் கதவு 18 பாகையளவில் சரியும், புல்லு மெசினை ஒருவரே தள்ளி ஏற்றலாம். ஆனால் பின்னால் ஆறடி வெளியும், தள்ளுபவர் நிற்க இன்னும் நாலடியும் வேண்டும். நிலாவெளி ஹோட்டல்களின் பின்வாசல் ஒழுங்கைகளில் பத்தடி எங்கே கிடைக்கும்? தவிர, கதவின் கீழ் பிணைச்சல் தினமும் மணலில் புதையும், மழைநீர் அங்கேயே தேங்கும், முதலில் கறள் பிடிப்பதும் அங்கேதான். இரண்டாகத் திறக்கும் கதவும், உள்ளே கழற்றி வைக்கும் இரண்டு அலுமினியப் பலகைகளும் இந்த ஊருக்குத் தோதானவை. பலகையின் மேல்முனையில் கொக்கி வளைத்து விளிம்பில் மாட்டும்படி செய்யாவிட்டால் மெசினின் முன்சில்லு ஏறும் கணத்தில் பலகை பின்னுக்குச் சறுக்கும்.

உப்பு

இந்தக் கரையில் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது சுமையல்ல, உப்புக்காற்று. வெளியே பூசிய பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே சதுரக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து உக்கும். வெல்டிங் இடைவெளி வழியே ஈரம் உள்ளே போகும், வெளியேற வழியில்லை. அதனால் அடிச்சட்டத்துக்குச் சதுரக் குழாயைவிட மூன்றங்குல சி சனல் (C வடிவில் ஒரு பக்கம் திறந்த இரும்பு) நல்லது, எல்லாப் பக்கமும் தூரிகை எட்டும். மேல்சட்டத்துக்குக் குழாய்தான் என்றால் கல்வனைஸ் குழாய் எடுத்து, வெல்டிங் செய்த இடமெல்லாம் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் 8 மில்லிமீற்றர் துளையொன்று போடுங்கள். கல்வனைஸை உருக்கி ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை நஞ்சு. ஒட்டும் இடத்தில் பூச்சை முதலில் கிறைண்டரால் எடுக்கச் சொல்ல வேண்டும், காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்ல வேண்டும்.

அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாக அடிப்பதுதான் பரவலாக நடக்கும் தவறு. இரண்டு உலோகமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் தின்னப்படும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி வரும், பிறகு தகடு காற்றில் படபடக்கும். சட்டத்தின் முகம் முழுதும் பியூட்டைல் டேப்பையோ இறப்பர் பட்டியையோ ஒட்டி அதன்மேல் தகட்டை வையுங்கள். இரும்பு ஆணி, இரும்பு ரிவெட் வேண்டாம். நிலைக்குத்துக் கம்பங்களை 16 அங்குல இடைவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். 24 அங்குலம் மலிவு, ஆனால் உள்ளே கருவித் தாங்கிகளைக் கம்பத்தில் முடுக்க வேண்டுமே தவிர தகட்டில் அல்ல. கம்பம் ஐதாக இருந்தால் தாங்கி தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

தரை ப்ளைவுட்டின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கமும் வெட்டு விளிம்புகளும் முக்கியம். சட்டத்தில் வைப்பதற்கு முன் விளிம்புகளுக்கு எப்பொக்சி இரண்டு பூச்சு. பசளை மூட்டையை நேரே தரையில் வைக்காமல் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்தக் கசிவு போன இடமெல்லாம் கறள் பிடிக்கும். சில்லுப் பெயாரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிறீஸ் வைப்பது வருடம் ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. மணலும் உப்பும் உள்ள இடத்தில் மாரிக்கு முன் ஒன்று, மாரி கழிந்து ஒன்று.

வெக்கையும் பெற்றோலும்

சித்திரை வெயிலில் மூடிய பெட்டி உள்ளே 50 பாகையைத் தாண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கூரையில் மட்டும் காற்றுத்துளை வைத்தால் ஆவி தரையோடு படுத்திருக்கும். கதவைத் திறந்தவுடன் ஒருவர் பீடி பற்றினால் போதும். ஆகவே இரண்டு மட்டத்தில் துளை வேண்டும்: தரையை ஒட்டி இரு பக்கமும் வலையடித்த துளைகள், கூரையின் பின்பக்கம் காற்றில் சுழலும் வென்ட். கூரைக்கு வெள்ளைப் பூச்சு. எரிபொருள் கலன்களுக்குப் பெட்டிக்குள் இடமே கொடுக்காமல், முன்னால் கொக்கித் தண்டின் முக்கோணத்தில் துளையிட்ட ஒரு தனிப் பேழை அடிப்பது இன்னும் நல்லது. கலனைக் கழுத்துவரை நிரப்ப வேண்டாம். மெசின்களின் எரிபொருள் குழாயை மூடிவிட்டே ஏற்ற வேண்டும்.

தோளில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் மெசினுக்கு ஒயில் கலந்த பெற்றோல். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஐந்து லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். தள்ளும் நாலு ஸ்ட்ரோக் மெசினுக்குக் கலக்காதது. கலன்கள் ஒரே நிறத்தில் இருந்தால் அவசரத்தில் ஒருநாள் மாறும்: ஒயில் இல்லாத பெற்றோல் போன புல் வெட்டியின் எஞ்சின் அன்றே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரு நிறக் கலன் வாங்குங்கள். லித்தியம் பற்றரிக் கருவி வைத்திருப்பவர்கள் பற்றரியைப் பெட்டியில் விடாமல் கப்புக்குள் கொண்டுபோக வேண்டும்.

கொக்கியும் சமநிலையும்

பெட்டி வீதியில் பாம்பு போல் ஆடுவதற்குக் காரணம் அனேகமாக ஒன்றுதான்: முன்பாரம் போதாது. மொத்த எடையில் 10 சதவீதமாவது கொக்கியில் அமர வேண்டும். பத்தடிப் பெட்டிக்கு முன்னால் நாலடித் தண்டு என்று வைத்துக்கொண்டால், அச்சைப் பெட்டியின் நடுவிலிருந்து ஓரடி பின்தள்ளிப் போடுங்கள். கொக்கியிலிருந்து அச்சு பத்தடி, சுமையின் நடு ஒன்பதடி. சுமை சீராகப் பரவிய 1000 கிலோவில் 100 கிலோ கொக்கிக்கு வரும். நடுவிலேயே அச்சை வைத்த பெட்டியில் கவனமாக ஏற்றினாலும் ஆட்டத்தை அடக்குவது கடினம். ஜெனரேட்டரும் பம்பியும் அச்சுக்கு மேலோ சற்று முன்னோ, மெசின்கள் நடுவில், இலேசானவை பின்னால். ஆடத் தொடங்கினால் சட்டென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது; அக்சிலரேற்றரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் அடங்கும்.

இழுவைக் குண்டு 50 மில்லிமீற்றரும் உண்டு, இரண்டங்குலமும் உண்டு. இரண்டங்குலம் என்பது 50.8. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் 50 குண்டில் இரண்டங்குலக் கொக்கி தளர்ந்து குதிக்கும், இரண்டங்குலக் குண்டில் 50 கொக்கி பூட்டவே மாட்டாது. இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காப்புச் சங்கிலிகள் இரண்டும் தண்டுக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். கொக்கி கழன்றால் தண்டு வீதியில் குத்தாமல் அதில் விழும்.

விளக்குகளுக்கு ஏழு முனைச் சொக்கெட். எர்த்தைக் கொக்கி வழியாக எடுக்க விடாதீர்கள், தனி வயர் போடச் சொல்லுங்கள். கொக்கியில் கறளும் கிறீஸும் சேர்ந்தவுடன் எர்த் போகும், சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்கும்.

முன்பணம் கொடுக்குமுன்

ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு இலக்கம், தனி வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகைக்கு எத்தனை கிலோ ட்ரெயிலர் இழுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆகவே வரைபடத்தையும் எதிர்பார்க்கும் வெற்று எடையையும் எழுதிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு முதலில் போய்வாருங்கள். செய்து முடித்த பெட்டியைப் பதிய முடியாமல் வளவில் நிறுத்தினால் அது விலைகூடிய கோழிக்கூடுதான். காப்புறுதியில் உள்ளிருக்கும் கருவிகளைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்கான காப்புறுதி பொதுவாகக் கருவிகளைச் சேர்ப்பதில்லை.

மிச்சப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் வெல்டிங் கடையிலேயே நாலு சோதனை. கதவுகளை அடைத்து, உள்ளே ஒருவரை டோர்ச்சோடு நிறுத்தி, வெளியே கூரைக்கும் மூலைகளுக்கும் குழாய்த் தண்ணீர் பத்து நிமிடம் அடியுங்கள். பகலில் என்றால் டோர்ச்சை அணைத்துவிட்டு வெளிச்சம் எங்கே தெரிகிறதென்றும் பார்க்கலாம். வெறும் பெட்டியை எடைத்தட்டில் ஏற்றிச் சிட்டை வாங்குங்கள். கருவிகளை ஏற்றிவிட்டு, கொக்கியின் கீழ் ஒரு தடித்த மரக்கட்டையும் ஆள் நிறுக்கும் தராசும் வைத்து முன்பாரம் பாருங்கள். 100 கிலோவைச் சுற்றி இருக்க வேண்டும், தராசின் எல்லை 120க்குக் குறைந்தால் அதில் வைக்க வேண்டாம். பிறகு நிலாவெளி வரை 60க்கு மேல் போகாமல் ஓட்டி வந்து, இரு பக்க ஹப்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் உரசுகிறது, அல்லது பெயாரிங் இறுக்கம் கூடிவிட்டது. சில்லு நட்டுகளை அப்போதே ஒரு தரமும், நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தரமும் இறுக்க வேண்டும். புதுப் பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வது முதல் வாரத்தில்தான்.